ஒரு ஸ்கார்ஃபுக்குள் அரை கிலோமீட்டர் நூல்… தெரியுமா?

தாமரைத் தண்டிலிருந்து ஸ்கார்ஃப் நெய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஒரு துணியை நெசவாளர் தன் வீட்டில்தான் நெய்ய வேண்டும் என்று ஒரு நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது என்றால்? சிவப்பும் வெள்ளையுமாக நூல் ப்ரூச் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு, நாரை வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் நாடுகள் இருக்கின்றன என்றால்? அத்தனையும் உண்மை! கையால் நெய்த ஸ்கார்ஃபும் கையால் சுற்றிய நூல் ப்ரூச்சும் பார்க்கத்தான் சின்னப் பொருள்கள். உள்ளே ஓர் உலகமே சுற்றி வைத்திருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

அரை கிலோமீட்டர் கணக்கு தெரியுமா?

மேசை மேல் வைத்து நெய்யும் சின்னத் தறியில் ஓர் அடி அகலம், ஆறு அடி நீளத்துக்கு ஒரு ஸ்கார்ஃப். அங்குலத்துக்குப் பத்து இழை என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் மட்டும் 120! குஞ்சத்துக்கும் தறியில் கட்டுவதற்கும் சேர்த்து ஒவ்வோர் இழையும் ஏழரை அடி, அதாவது சுமார் 2.3 மீட்டர் வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 276 மீட்டர்!

இது பாதிக் கணக்குதான். குறுக்கே ஓடும் ஊடை இருக்கிறதே! ஆறு அடி என்பது 72 அங்குலம். அங்குலத்துக்குப் பத்து என்றால் ஊடை நூலைச் சுமக்கும் நாடா 720 தடவை பாவுக்குள் புகுந்து ஓட வேண்டும். ஓட்டத்துக்கு ஓர் அடி நூல் வீதம் இன்னொரு 220 மீட்டர். ஆக மொத்தம் ஏறக்குறைய 500 மீட்டர்! பிரித்து நீட்டினால் ஒரு பஸ் ஸ்டாப்பிலிருந்து அடுத்த பஸ் ஸ்டாப்புக்கே போய்விடும்.

அந்த 120 பாவு இழைகளையும் ஒவ்வொன்றாக எண்ணி, வரிசை மாறாமல் கோர்க்க வேண்டும். நடுவில் ஓர் இழை விட்டுப்போனால் துணியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பற்றி ஓர் அற்புதமான கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், பின்னால் வருகிறது.

தறியிலிருந்து இறக்கியதும் அது துணியே இல்லை, தெரியுமா?

கம்பளி ஸ்கார்ஃபைத் தறியிலிருந்து வெட்டி இறக்கிய உடனே தொட்டுப் பார்த்தால் வலை மாதிரி விறைப்பாக இருக்கும். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, மெல்ல அலசி, நிழலில் உலர்த்திய பிறகுதான் மாயம் நடக்கிறது. கம்பளி இழை பூரித்துப் பக்கத்து இழையைப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி மூடும், மென்மை வரும், நீள அகலம் சற்றுச் சுருங்கும். அதற்கும் சேர்த்துத்தான் நெசவாளர் முதலிலேயே கூடுதலாகப் பாவு ஓட்டியிருப்பார்.

குஞ்சம் முறுக்குவது இன்னும் வேடிக்கை. சில இழைகளை ஒரு கையிலும் சில இழைகளை மறு கையிலும் பிடித்து, இரண்டையும் ஒரே திசையில் இறுக முறுக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து விட்டால் போதும்! அவை தாமாகவே எதிர்த்திசையில் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கயிறாகிவிடும். பசை வேண்டாம், தையல் வேண்டாம். நுனியில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். முறுக்கிய இழை பிரிய நினைக்கும் வேகமே அதைக் கட்டி வைத்திருக்கிறது!

ஓர் ஆட்டின் ஒரு வருடம் ஒரு சால்வைக்குக்கூடப் போதாது, தெரியுமா?

லடாக்கின் சாங்தாங் பீடபூமி. உயரம் 4,000 மீட்டருக்கு மேல். குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் அப்பால் இறங்கும். அந்தக் குளிரைத் தாங்க அங்குள்ள சாங்தாங்கி ஆட்டுக்கு முரட்டு முடியின் அடியில் பஞ்சைவிட மெல்லிய உள்முடி வளர்கிறது. அதுதான் பஷ்மினா! தடிமன் 12 முதல் 16 மைக்ரான். நம் தலைமுடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான்.

குளிர்காலம் போய் ஆடு தானாகவே அந்த முடியை உதிர்க்கும் நேரத்தில் மேய்ப்பர்கள் சீப்பால் சீவி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிடம் வருடத்துக்குக் கால் கிலோ அளவுதான் கிடைக்கும். முரட்டு முடியையும் தூசியையும் கழித்தால் அதில் பாதிகூடத் தேறாது. ஒரு முழுச் சால்வைக்கு இரண்டு மூன்று ஆடுகளின் ஒரு வருட விளைச்சல் வேண்டும்!

அந்த முடி காஷ்மீருக்கு வந்ததும் பெண்கள் அதை அரிசி மாவில் புரட்டிச் சுத்தம் செய்து, ராட்டையில் நூற்கிறார்கள். ஏன் கையால்? இயந்திரத்தின் இழுப்பை இவ்வளவு மெல்லிய இழை தாங்காது. இயந்திரத்தில் நூற்கிறவர்கள் நைலான் கலந்து நூற்று, பிறகு அமிலத்தில் போட்டு நைலானைக் கரைக்கிறார்கள். அதில் துணியின் பலமும் கொஞ்சம் கரைந்துவிடுகிறது. 2008-இல் காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை 16 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், கையால் நூற்றிருக்க வேண்டும், கையால் நெய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த முத்திரை கிடையாது.

மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டினால் அசல் என்று நம்பிவிடாதீர்கள். மெல்லிய செயற்கைத் துணியும் அப்படி நுழைந்துவிடும். குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். விலங்கு முடி என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழை என்றால் உருகிக் கெட்டிக் குண்டுமணியாகிவிடும்.

சால்வையை 'வாசித்து' நெய்கிறார்கள், தெரியுமா?

காஷ்மீரின் கானி சால்வையில் நாடா ஓடுவதில்லை. நிறத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன மரக்குச்சிகளில் நூல் சுற்றி, ஒவ்வொன்றையும் விரலால் பாவுக்குள் செருகிச் செருகி நெய்கிறார்கள். எந்த நிறம், எத்தனை இழை என்பதெல்லாம் 'தாலிம்' என்ற குறியீட்டுத் தாளில் எழுதியிருக்கும். பூவின் படம் அதில் இருக்காது, குறிகள் மட்டுமே! கம்ப்யூட்டர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே காஷ்மீரில் ஒருவர் ஒரு வடிவத்தைக் குறியீடாக எழுத, இன்னொருவர் அதைப் பார்த்துப் பிசகாமல் நெய்திருக்கிறார். நுணுக்கமான முழுச் சால்வை ஒன்று தறியிலிருந்து இறங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

எகிப்துப் படையெடுப்பின்போது நெப்போலியன் மனைவி ஜோசஃபீனுக்குக் காஷ்மீர் சால்வை அனுப்ப, பாரிஸே பித்துப் பிடித்து அலைந்தது. ஓவியர் அந்துவான்-ழான் க்ரோ தீட்டிய படத்தில் ஜோசஃபீன் சால்வையையே கவுனாகத் தைத்துப் போட்டிருக்கிறார்! கிராக்கியைப் பார்த்த ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் தறிகளில் நகல் நெய்து குவிக்க, அந்தச் சால்வைகளில் இருந்த வளைந்த மாங்காய் வடிவத்துக்கே உலகம் 'பெய்ஸ்லி' என்று பெயர் வைத்துவிட்டது. காஞ்சிபுரம் சேலைக் கரையில் நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கும் மாங்காய் புட்டாவுக்கு இப்படி ஒரு வெளிநாட்டு உறவு!

தாமரைத் தண்டுக்குள் நூல் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

மியான்மரின் இன்லே ஏரி. படகில் போய்ப் பறித்து வந்த தாமரைத் தண்டுகளில் ஐந்தாறை ஒரு கையில் சேர்த்துப் பிடிக்கிறார் ஒரு பெண். கத்தியால் சுற்றிலும் லேசாக ஒரு கீறல், பிறகு ஒரு முறி. இரண்டு துண்டுகளையும் மெல்ல விலக்கினால் நடுவே சிலந்தி இழையைப் போல வெள்ளை நார்கள் நீண்டு வருகின்றன. ஈரப்பலகையில் அவற்றைப் படியவைத்து உள்ளங்கையால் ஒரே உருட்டு. நூல்! அடுத்த தண்டின் நாரை இதன் வாலில் ஒட்டி மறுபடியும் ஓர் உருட்டு. இப்படியே மணிக்கணக்கில். தண்டு வாடிவிட்டால் நார் வராது. பறித்த 24 மணி நேரத்துக்குள் நூலாக்கிவிட வேண்டும்.

இதைத் தொடங்கிவைத்தவர் கியாய்ங் கான் கிராமத்தின் டா சா ஊ என்ற பெண்மணி. புத்த பிக்கு ஒருவருக்குச் சீவரம் நெய்துதர ஆசைப்பட்டு, நூறாண்டுகளுக்கும் முன்னால் தாமரை நாரை எடுத்து நெய்து காட்டினார். வியட்நாமில் ஹனோய்க்கு அருகே பட்டு நெசவாளர் ஃபான் தி துவான் இதே வித்தையைச் செய்கிறார். கால் மீட்டர் அகலமுள்ள ஒரு ஸ்கார்ஃபுக்கு அவர் சொல்லும் கணக்கு 4,800 தண்டுகள், ஒரு மாத உழைப்பு! நம் நாட்டில் மணிப்பூரின் லோக்தாக் ஏரிக்கரையிலும் தாமரை நூல் உருள ஆரம்பித்துவிட்டது.

ஒரு விலங்கை ஸ்கார்ஃப் கொன்றது, இன்னொன்றை ஸ்கார்ஃபே காப்பாற்றியது, தெரியுமா?

திபெத்திய மானினமான சிருவின் உள்முடி பஷ்மினாவையும்விட மெல்லியது. அதில் நெய்வதுதான் ஷாத்தூஷ். ஆனால் சிரு ஆடல்ல, பிடித்து நிறுத்திச் சீவ முடியாது. சுட்டுக் கொன்றுதான் முடி எடுத்தார்கள். ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து உயிர்கள்! கூட்டம் கூட்டமாக அழிந்தது. 1979 முதல் உலக வணிகத்தில் அதற்கு முழுத் தடை. இந்தியாவிலும் ஷாத்தூஷ் விற்பது குற்றம்.

இப்போது ஆண்டிஸ் மலைக்குப் போவோம். அங்கே விக்குன்யா என்றோர் ஒட்டக இனம். அதன் முடியும் ஏறக்குறைய 12 மைக்ரான்தான். இன்கா அரசர்கள் காலத்தில் அந்தத் துணியை அரச குடும்பத்தார் மட்டுமே உடுத்தலாம். பிற்பாடு துப்பாக்கிக்காரர்கள் புகுந்து, 1960-களில் சில ஆயிரங்கள்தான் மிச்சம் என்ற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெரு அரசு 1967-இல் பம்பா கலேராஸ் சரணாலயத்தைத் தொடங்கியது. கூடவே பழைய இன்கா வழக்கமான 'சாக்கு' திரும்ப வந்தது. ஊரே கைகோத்துச் சங்கிலியாக நின்று, கயிற்றில் வண்ணத் துணிகளை ஆட்டிக்கொண்டே விக்குன்யாக்களைப் பட்டிக்குள் ஓட்டும். முடியை வெட்டிக்கொண்டு உயிரோடு மலைக்கே அனுப்பிவிடும்! உயிரோடு இருந்தால்தான் வருமானம் என்றானதும் ஊரே காவலுக்கு நின்றது. இன்று அவற்றின் எண்ணிக்கை மூன்று லட்சத்துக்கும் மேல்.

வீட்டில் நெய்யாவிட்டால் சட்டவிரோதம், தெரியுமா?

ஸ்காட்லாந்தின் மேற்கே அவுட்டர் ஹெப்ரடீஸ் தீவுகள். அங்கே நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்காகவே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1993-இல் தனிச்சட்டம் இயற்றியது. கம்பளிக்குச் சாயம் ஏற்றுவது, நூற்பது, இறுதிப் பக்குவம் செய்வது எல்லாமே அந்தத் தீவுகளில் நடக்க வேண்டும். நெசவு? தீவுவாசிகள் தங்கள் சொந்த வீட்டில், கையால் நெய்ய வேண்டும். தறியை ஓட்டும் விசை நெசவாளரின் கால்களிலிருந்தே வருகிறது. மின்சாரத் தறியில் நெய்தால் அந்தப் பெயரைச் சொல்லி விற்க முடியாது!

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது! 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம். முதலில் 22 ரகங்கள், இப்போது 11. சேலை, வேட்டி, துண்டு, ஜமக்காளம் வரிசையில் சால்வையும் மஃப்ளரும் இருக்கின்றன. விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட, அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 1993-இல்தான்!

விட்டுப்போன ஓர் இழை ஓர் இயக்கமே ஆனது, தெரியுமா?

முதலில் சொன்ன கோட்டுக் கதைக்கு வருவோம். ஜப்பானின் ஒசாகாவில் மிசாவோ ஜோ என்ற பெண்மணி. 1913-இல் பிறந்தவர். பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு, ஐம்பது வயதுகளின் பிற்பகுதியில், தறியில் உட்கார்ந்தார். கிமோனோவுக்கு இடுப்பில் கட்டும் பட்டை ஒன்றை நெய்தபோது ஒரு பாவு இழை விட்டுப்போய்க் கோடு விழுந்தது. நெசவாலைக்காரர் பார்த்துவிட்டு, இது பழுது, விலைபோகாது என்றார். மிசாவோவுக்கோ அந்தக் கோடுதான் அழகாகத் தெரிந்தது! வேண்டுமென்றே இழைகளை விட்டுவிட்டு நெய்தார். ஒசாகாவின் பெரிய கடை ஒன்று மகிழ்ச்சியோடு வாங்கி விற்றது.

அங்கிருந்து பிறந்ததுதான் சாவோரி நெசவு. மாதிரி கிடையாது, அளவு கிடையாது, பிசகு என்ற பேச்சே கிடையாது. இயந்திரம் பிசகாமல் நெய்யட்டும், மனிதர் மனிதராக நெய்யட்டும் என்பதே அதன் கொள்கை. மாற்றுத்திறனாளிகள் பலர் இந்தத் தறியில் நெய்து, தங்கள் ஸ்கார்ஃபைத் தாங்களே விற்கிறார்கள். மிசாவோ ஜோ 104 வயது வரை வாழ்ந்து 2018-இல் மறைந்தார்.

நம் மெட்ராஸ் துணி கரீபியன் பெண்களின் தலையில், தெரியுமா?

சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட சதுரத் துணி 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி கரீபியன் தீவுகளுக்குப் போனது. மார்ட்டினிக், குவாடலூப், டொமினிகா, செயின்ட் லூசியா தீவுகளின் மரபு உடையில் இன்றும் அதற்கு இடம் உண்டு, பெயரும் 'மெட்ராஸ்' தான்! பெண்கள் அதைத் தலையில் கட்டும்போது கொம்பு கொம்பாக முனைகளைத் தூக்கி நிறுத்துவார்கள். முனைகளின் எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு. ஒரு முனை என்றால் மனம் காலியாக இருக்கிறது. இரண்டு என்றால் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது!

அதே துணி நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் செய்ததைக் கேளுங்கள். நெய்த துணியிலிருந்து குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, புதிய வடிவங்களை வரவழைத்தார்கள். நம்மவர்கள் இழை சேர்த்து நெய்தார்கள், அவர்கள் இழை நீக்கி அலங்கரித்தார்கள். பிறப்பிலிருந்து இறப்பு வரை அவர்கள் சடங்குகளில் அந்தத் துணிக்குத் தனி மரியாதை.

இனி ப்ரூச்! பொத்தானிலிருந்து பிறந்த பூ, தெரியுமா?

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டம். 1622-இல் ஆபிரகாம் கேஸ் என்பவர் ஷாஃப்ட்ஸ்பரி ஊரில் நூல் பொத்தான் தொழிலைத் தொடங்கினார். ஆட்டுக் கொம்புத் துண்டு, துணி, நூல், இவைதான் முதல். பிறகு உலோக வளையங்கள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் வீட்டிலிருந்தே பொத்தான் சுற்றி விற்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பொத்தான் இயந்திரம் வந்ததும் மொத்தத் தொழிலும் சரிந்தது. குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்து பிழைக்கப் போனார்கள்.

ஆனால் வித்தை சாகவில்லை! அந்தச் சக்கரப் பொத்தானைப் பெரிதாக்கி, உல்லன் நூலில் சுற்றி, பின்னால் ஊக்கு வைத்தால் அருமையான ப்ரூச். நாலே படிகள்தான். வளையத்தைச் சுற்றிக் காஜாத் தையல் போட்டு நெருக்கமாக மூட வேண்டும். தையல் முடிச்சு வரிசையை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். நூலை வளையத்தின் குறுக்கே மேலும் கீழும் சுற்றி ஆரக்கால்கள் அமைத்து, எல்லாம் சந்திக்கும் நடுவில் சிலுவைத் தையல் போட்டு இறுக்க வேண்டும். கடைசியாக, ஊசியை ஒவ்வோர் ஆரத்தின் மேலும் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த ஆரத்தின் அடியில் முன்னால் கொண்டுவந்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வட்டம் வட்டமாக நெய்துகொண்டே போக வேண்டும். ஆம், இதுவும் நெசவுதான்! ஆரம் பாவு, சுற்றும் நூல் ஊடை.

நாரையைப் பார்க்கும் வரை கழற்றக் கூடாத ப்ரூச், தெரியுமா?

பல்கேரியாவில் மார்ச் 1 அன்று எல்லோர் நெஞ்சிலும் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல் மின்னும். அதன் பெயர் மார்த்தெனிட்ஸா. நூலில் செய்த இரண்டு குட்டி பொம்மைகளைச் சேர்த்துக் குத்திக்கொள்வது ரொம்பப் பிரபலம். வெள்ளை ஆண் பீழோ, சிவப்புப் பெண் பெந்தா. முதல் நாரையையோ, தகைவிலானையோ, பூத்த மரத்தையோ பார்க்கும் வரை கழற்ற மாட்டார்கள். பார்த்ததும் கழற்றி மரக்கிளையில் கட்டிவிடுவார்கள். வசந்தம் வந்தாயிற்று!

ருமேனியாவிலும் மால்டோவாவிலும் இதுவே மர்த்சிஷோர். பிப்ரவரி கடைசியில் தெருவோரமெல்லாம் இந்த நூல் ப்ரூச் கடைகள்தான். கையால் செய்கிறவர்களுக்கு அதுதான் தீபாவளி வியாபாரம். 2017-இல் பல்கேரியா, ருமேனியா, மால்டோவா, வடக்கு மாசிடோனியா நான்குக்கும் சேர்த்து யுனெஸ்கோ இந்த வழக்கத்தைக் கலாசார மரபுப் பட்டியலில் ஏற்றியது.

மூச்சு விடாமல் இன்னும் சில!

கழுத்து டையின் மூதாதை, பிரான்சுக்குப் போரிடப் போன குரோஷிய வீரர்கள் கழுத்தில் கட்டியிருந்த ஸ்கார்ஃப். குரோஷியர்கள் அக்டோபர் 18-ஐ அதற்காகவே கொண்டாடுகிறார்கள்.

கம்போடியாவில் தலைப்பாகையாகவும் தூளியாகவும் பையாகவும் பயன்படும் கட்டம் போட்ட கிரமா துண்டு, 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2018-இல் அங்கே கையால் நெய்த ஒரே கிரமாவின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல்!

அசாமில் பிஹு பண்டிகைக்கு வீட்டுப் பெண்கள் தம் கையால் நெய்து கொடுக்கும் கமோசாவுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இமாச்சலின் குல்லு பள்ளத்தாக்கில் ஒரு கைப்பிடி நெசவாளர்கள் 1944-இல் தொடங்கிய பூட்டிகோ கூட்டுறவுச் சங்கம் இன்றும் சால்வையும் மஃப்ளரும் விற்கிறது.

நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் பூத்துக்குளி சால்வையை அலங்கரிக்கும்போது பென்சில் கோடுகூடப் போடுவதில்லை. இழையை எண்ணியே வடிவம் கொண்டுவருகிறார்கள். 2013-இல் அதற்கும் புவிசார் குறியீடு.

மெக்சிகோவின் விஹாரிகா பழங்குடியினர் இரண்டு குச்சிகளைச் சிலுவையாக வைத்து உல்லன் நூல் சுற்றிக் 'கடவுளின் கண்' செய்கிறார்கள். குழந்தை பிறந்ததும் முதல் கண், பிறகு ஐந்து வயது வரை வருடத்துக்கு ஒன்று.

தேசியக் கைத்தறி நாள் ஆகஸ்ட் 7. 2015-இல் அது முதன்முதலாகத் தொடங்கிவைக்கப்பட்டது நம் சென்னையில்! 2019-20 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலில் 35 லட்சம் பேர். நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள்.

மிச்ச நூலிலும் வாழ்க்கை இருக்கிறது, தெரியுமா?

எவ்வளவு கெட்டிக்கார நெசவாளரானாலும் பாவின் கடைசி ஓர் அடியை நெய்ய முடியாது. தறி விடாது. 120 இழை என்றால் முப்பது, நாற்பது மீட்டர் நூல் துண்டு துண்டாக மிஞ்சும். கையால் நெய்கிறவர்கள் அதைக் குப்பையில் போடுவதில்லை. குஞ்சப் பந்து, நூல் பொம்மை, சக்கர ப்ரூச் என்று உருமாறி ஸ்கார்ஃபுக்குப் பக்கத்திலேயே விற்பனைக்கு உட்கார்ந்துவிடும். ஸ்கார்ஃபும் ப்ரூச்சும் ஒரே மேசையில் ஜோடியாக இருக்கும் ரகசியம் இதுதான்!

மிச்சத்தின் மகத்துவத்துக்கு நம் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா அமைப்பில் உமா பிரஜாபதியும் தோழர்களும் மீனவப் பெண்களுக்குத் துணித் துணுக்குகளில் விரலளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அதுதான் சுனாமிகா. அதை விற்பதே இல்லை, பரிசாகவே கொடுக்கிறார்கள். விரும்புகிறவர்கள் தரும் நன்கொடையில் அந்தப் பெண்களின் கைவேலை உலகம் சுற்றி வந்துவிட்டது!

கடைசியாக, விலைக்குள் என்ன இருக்கிறது, தெரியுமா?

முதலில் பார்த்த அதே ஓரடி ஸ்கார்ஃப். பாவு ஓட்ட, கோர்க்க, நெய்ய, குஞ்சம் முறுக்க, அலசி உலர்த்த எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 ரூபாய் கூலி என்றால் 800. நல்ல கம்பளி நூல் 400. கண்காட்சி ஸ்டால் வாடகைப் பங்கு, பை, சீட்டு எல்லாம் சேர்த்து 150. ஆகமொத்தம் 1,350 ரூபாய். இதில் லாபம் என்று ஒரு ரூபாய்கூட இன்னும் சேரவில்லை! இதை 500 ரூபாய்க்குக் கேட்டால் நூலும் வாடகையும் குறையப்போவதில்லை. நெய்தவரின் எட்டு மணி நேரம்தான் காணாமல் போகும்.

நூல் ப்ரூச் எப்படிக் கைகொடுக்கிறது தெரியுமா? அதில் நூல் செலவு பெரும்பாலும் மிச்சக் கணக்கு. ஒரு மணி நேர வேலை. விலையும் கைக்கடக்கம். ஸ்கார்ஃப் வாங்கத் தயங்குகிறவர் ப்ரூச்சை வாங்கிக் குத்திக்கொண்டு போவார். பார்க்கிறவர் எங்கே வாங்கியது என்று விசாரிப்பார். அடுத்த கண்காட்சியில் அவர் ஸ்கார்ஃபைத் தேடி வருவார்.

தாமரை நாரை உருட்டும் உள்ளங்கையிலிருந்து டார்செட் ஊசி வரை இங்கே பார்த்த அத்தனையிலும் விலை உயர்ந்த சரக்கு ஒன்றே ஒன்றுதான், மனிதரின் நேரம். ஆட்டு முடியை எடைபோடலாம், நூலை மீட்டரில் அளக்கலாம். நேரம் மட்டும் எந்தச் சீட்டிலும் எழுதப்படாமலே விற்கப்படுகிறது. அதனால் நெய்கிறவர்களே, சுற்றுகிறவர்களே, விலைச் சீட்டில் நூலின் பெயருக்குக் கீழே 'எட்டு மணி நேரம்' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்! வாங்குகிறவர்களே, அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசாமல் கொடுங்கள்!